ஆர்ஜிரோடைட் ஆய்வகத்தில் பிறந்த பொருள் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் திண்மநிலை மின்கலங்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். எளிதில் தீப்பற்றும் திரவ மின்பகுளிக்கு மாற்றாக, திண்மப் பொருள் ஒன்றின் ஊடாக லித்தியம் அயனிகளை ஓடச் செய்யும் முயற்சி அதில் தெளிவாக விளக்கப்பட்டிருந்தது. ஆனால், ‘ஆர்ஜிரோடைட்’ என்ற பெயர் வரும் இடத்தில், அது கடந்த சில ஆண்டுகளில் ஆய்வகத்தில் வடிவமைக்கப்பட்ட செயற்கைப் பொருள் என்று வாசகர் எண்ணிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. ஆர்ஜிரோடைட் என்பது பூமிக்கடியில் வெள்ளித் தாது நரம்புகளில் தானாகவே விளைந்த ஓர் அரிய சல்பைடு கனிமம். மின்கலத்தில் பயன்படும் செயற்கைச் சேர்மங்கள் அதன் படிக அமைப்பைப் பின்பற்றுவதால்தான் அந்தப் பெயரைப் பெற்றன. பெயரைக் கடனாகக் கொடுத்த கனிமத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போனது எனக்கு வருத்தமாக இருந்தது. பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் குறையை இக்கடிதத்தின் வழியே ஓரளவு நிரப்ப விரும்புகிறேன்.

முதலில் அதன் இயல்புகள். எட்டு வெள்ளி அணுக்களுக்கு ஒரு ஜெர்மானியம் அணு, ஆறு கந்தக அணுக்கள் என்பதே இதன் சேர்க்கை. எடைக் கணக்கில் பார்த்தால் வெள்ளி ஏறத்தாழ 76.5 விழுக்காடு, கந்தகம் 17 விழுக்காடு, ஜெர்மானியம் ஆறரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. புதிதாக உடைத்த பரப்பு எஃகுச் சாம்பல் நிறத்தில், மெல்லிய செந்நிறச் சாயலுடன் உலோகப் பளபளப்பாகத் தெரியும். காற்றுப் பட்டு நாளாக நாளாக நீலமும் ஊதாவும் கலந்த கருமை அதன்மேல் படியும். மோ கடினத்தன்மை அளவுகோலில் 2.5 என்பதால் செப்புக் காசின் விளிம்பால்கூட அதைக் கீறிவிடலாம். அடர்த்தியோ நீரைப் போல் ஆறு மடங்குக்கும் சற்று அதிகம். கையில் எடுத்ததும் அளவுக்கு மீறிய கனம் தெரியும். குறிப்பிட்ட தளங்களில் சீராகப் பிளவுறும் இயல்பு அதற்கு இல்லை, நொறுங்கக்கூடியது. பெரும்பாலும் பாறைமேல் சிறு முண்டுகளாகவும் மெல்லிய படலமாகவுமே கிடைக்கும். நல்ல படிகங்கள் எண்முகி வடிவத்திலும் பன்னிருமுகி வடிவத்திலும் காணப்படும்; ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிய இரட்டைப் படிகங்களும் உண்டு.

படிக வடிவத்தில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. எண்முகியும் பன்னிருமுகியும் கனசதுரத் தொகுதிக்கு உரிய வடிவங்கள். ஆனால், சாதாரண வெப்பநிலையில் ஆர்ஜிரோடைட்டின் உள்ளமைப்பு கனசதுரமாக இல்லை; மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நின்றாலும் நீளத்தால் வேறுபடும் நேர்ச்சாய்சதுரத் தொகுதியைச் சேர்ந்தது அது. ஏறத்தாழ 223 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் உள்ளமைப்பும் கனசதுரமாக மாறிவிடும். ஆறவிட்டால் மீண்டும் குலையும். அதாவது, நம் கையில் இருக்கும் படிகம் வெளியே உயர்வெப்பநிலை உருவத்தையும் உள்ளே தாழ்வெப்பநிலை ஒழுங்கையும் ஒரே நேரத்தில் தாங்கி நிற்கிறது. மின்கல ஆய்வாளர்கள் இன்று விரும்புவது அந்தக் கனசதுர உருவைத்தான் என்பதால், இந்த மாற்றத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இது முதலில் அறியப்பட்டது ஜெர்மனியின் சாக்சனி நாட்டில், ஃபிரைபெர்க் நகருக்கு அருகிலுள்ள ஹிம்மெல்ஸ்ஃபூர்ஸ்ட் சுரங்கத்தில். 1885-ஆம் ஆண்டில் அங்கு வெட்டி எடுக்கப்பட்ட வெள்ளித் தாதுக்களிடையே பழக்கமில்லாத ஒன்று தென்பட்டது. ஃபிரைபெர்க் சுரங்கக் கல்விக்கழகத்தில் கனிமவியல் பேராசிரியராக இருந்த ஆல்பின் வைஸ்பாக், அது புதிய கனிமம் என்று கண்டு பெயரிட்டார். அதே கழகத்தின் தியோடோர் ரிக்டர் ஊதுகுழல் சோதனையில் அதில் சிறிதளவு பாதரசம் இருப்பதைக் கண்டறிந்தார். அந்தச் சுரங்கத்தின் வேறெந்த வெள்ளித் தாதுவிலும் பாதரசம் தென்பட்டதில்லை என்பதால் முழுமையான பகுப்பாய்வு தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பு வேதியியல் பேராசிரியர் கிளெமென்ஸ் விங்க்ளரிடம் வந்து சேர்ந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் பாடநூல்கள் தவறான வரிசையில் சொல்கின்றன. தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவ், அதில் சிலிக்கானுக்குக் கீழே காலியாக இருந்த இடத்துக்கு எகாசிலிக்கான் என்ற தனிமத்தை 1871-இல் முன்கூட்டியே கணித்தார். 1886-இல் விங்க்ளர் அதைக் கண்டுபிடித்தார்; அதுவே ஜெர்மானியம். கணிப்பு மெய்யானது: மாணவர்கள் இவ்வளவுதான் படிக்கிறார்கள். இதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையே. ஆனால், சேர்த்துப் படிக்கும்போது விங்க்ளர் ஏதோ மெண்டலீவின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு காலியிடத்தை நிரப்பப் புறப்பட்டவர் போலத் தோன்றுகிறது. உண்மையில் அவர் முன் இருந்தது அட்டவணையின் காலியிடம் அன்று, தம் சொந்தப் பகுப்பாய்வுக் கணக்கில் விழுந்த துண்டு.

ஒரு கனிமத்தைப் பகுத்து, கிடைத்த தனிமங்களின் எடைகளைக் கூட்டினால் நூறு விழுக்காடு வர வேண்டும். சிறு பிழைகளால் அரை விழுக்காடு முன்பின்னாக இருக்கலாம். விங்க்ளர் எத்தனை முறை செய்தபோதும் வெள்ளி, கந்தகம், சிறிதளவு இரும்பு, துத்தநாகம், பாதரசம் எல்லாம் சேர்ந்து 93 அல்லது 94-ஐத் தாண்டவில்லை. ஆறேழு விழுக்காடு எங்கோ போய்க்கொண்டிருந்தது. சோதனைப் பிழை என்று விட்டுவிட முடியாத அளவு அது. அதே வேளையில், வழக்கமான எந்தச் சோதனையிலும் முகம் காட்டாத பொருள்.

அது ஏன் பிடிபடவில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஜெர்மானியத்தின் இயல்பு முழுவதும் இதில் வெளிப்படுகிறது. கனிமத் தூளைச் சோடாவுடனும் கந்தகத்துடனும் சேர்த்து உருக்கி, ஆறிய பின் நீரில் கரைத்தால், வெள்ளி, இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் சல்பைடுகள் கரையாமல் தங்கிவிடும். ஆர்சனிக், ஆன்டிமனி வகைத் தனிமங்கள் கந்தக உப்புகளாக நீருக்குள் இறங்கும். புதிய தனிமமும் அவற்றோடு இறங்கியிருக்க வேண்டும் என்று விங்க்ளர் கருதியது சரியே. அந்தக் கரைசலில் அமிலத்தை அளவாகச் சேர்த்தால் ஆர்சனிக், ஆன்டிமனிச் சல்பைடுகள் வீழ்படிவாகின்றன. ஆனால் ஜெர்மானியம் சல்பைடோ வெளிவர மறுக்கிறது; நீரிலும் மெல்லமிலத்திலும் அது ஓரளவு கரையும். எனவே வடிகட்டியதும் அது தெளிந்த நீரோடு போய்விடும். வடிநீரை அமிலத்துடன் காய்ச்சி வற்றவைத்தாலும் பயனில்லை. ஜெர்மானியத்தின் குளோரைடு எளிதில் ஆவியாகும் திரவம் என்பதால் காற்றோடு கலந்துவிடும். போதாக்குறைக்கு அதன் சல்பைடு வெண்ணிறம் உடையது. இத்தகைய கரைசல்களில் அமிலம் பட்டதும் கந்தகமே வெண்மையாகப் பிரிந்து கலங்கும் என்பதால், இன்னொரு வெண்பொருள் அதனுடன் சேர்ந்து நின்றாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கரைந்து தப்பவும் ஆவியாகித் தப்பவும் நிறத்தால் மறையவும் வழி இருந்த ஒரு தனிமத்தையே அவர் துரத்திக்கொண்டிருந்தார்.

இறுதியில் வழி திறந்தது, வடிநீரில் வலிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மிகுதியாகச் சேர்த்தபோது. அமிலம் போதிய அளவு கூடியதும் அந்தச் சல்பைடு கரைய இடமின்றி, கனத்த வெண்ணிறப் பொதியாக வீழ்படிந்தது. அதை ஹைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்கி உலோகமாக ஒடுக்கினார். 1886 பிப்ரவரி 6-ஆம் நாள் புதிய தனிமம் கைக்கு வந்தது. அவர் பின்னர் வெளியிட்ட பகுப்பாய்வில் வெள்ளி 74.72, கந்தகம் 17.13, ஜெர்மானியம் 6.93, மேலும் சிறிதளவு இரும்பு, துத்தநாகம், பாதரசம். கூட்டினால் ஏறத்தாழ நூறு. அந்த 6.93 என்ற எண்ணை மாணவர்கள் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனிமம் கிடைத்த பின்னும் அது எகாசிலிக்கான் என்று உடனே யாருக்கும் விளங்கவில்லை. விங்க்ளர் அதை ஆன்டிமனிக்கும் பிஸ்மத்துக்கும் இடையில் வைக்க எண்ணினார். மெண்டலீவோ அதை முதலில் காட்மியத்தை அடுத்துத் தாம் எதிர்பார்த்திருந்த வேறொரு தனிமமாகக் கருதினார். விக்டர் ஃபான் ரிக்டர், லோதர் மேயர் என்ற வேதியியலாளர்கள்தான் அது சிலிக்கானுக்குக் கீழுள்ள இடத்துக்கு உரியது என்று சுட்டிக்காட்டினார்கள். வெள்ளிச் சல்பைடு ஒன்றுக்குள் அந்தத் தனிமம் இருக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. டைட்டானியம் போன்றவற்றோடு தொடர்புடைய கனிமங்களே தேடவேண்டிய இடமாகக் கருதப்பட்டன. அணு எடை, அடர்த்தி, சேர்மங்களின் இயல்பு ஆகியவற்றில் மெண்டலீவின் கணிப்பு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தியது. அணு எடை 72 என்றார். விங்க்ளர் கண்டது 72.32. அடர்த்தி 5.5 என்றார், கண்டது 5.47. குளோரைடு நூறு பாகைக்குச் சற்றுக் கீழே கொதிக்கும் என்றார். அது 86 பாகையில் கொதித்தது. எத்தில் சேர்மத்தின் கொதிநிலை 160 பாகை என்று அவர் எழுதியிருந்ததும்கூட ஏறத்தாழ அப்படியே அமைந்தது. இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால், எந்தக் கனிமத்தில் தேடுவது என்பதை அட்டவணையால் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னது ஹிம்மெல்ஸ்ஃபூர்ஸ்டின் தாது.

கனிமத்தின் சரியான வாய்பாடும் உடனடியாகத் தீர்மானமாகிவிடவில்லை. விங்க்ளர் ஆறு வெள்ளி அணுக்களுக்கு ஐந்து கந்தகம் என்று கணித்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் பென்ஃபீல்ட் பொலிவியாவில் கிடைத்த மாதிரிகளை ஆராய்ந்து, 1893-இல் எட்டுக்கு ஆறு என்று திருத்தினார். பொலிவியப் படிகங்கள் ஃபிரைபெர்க் படிகங்களிலிருந்து வேறுபட்டவை என்று முதலில் எண்ணி அவற்றுக்குக் கான்ஃபீல்டைட் என்று பெயரிட்ட அவர், இரண்டும் ஒன்றே என்று தெளிந்ததும், ஜெர்மானியத்துக்குப் பதிலாகப் பெரும்பகுதி வெள்ளீயம் அமர்ந்த ஒரு கனிமத்துக்கு 1894-இல் அந்தப் பெயரை மாற்றிக் கொடுத்தார். இவ்விரண்டுக்கும் இடையில் எந்த விகிதத்திலும் கலவை அமையலாம். பொலிவியாவின் கோல்கெசாகா, பொட்டோசி வட்டாரங்களில் இரண்டும் அருகருகே கிடைக்கின்றன. வெறுங்கண்ணால் இது, அது என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. வேதிப் பகுப்பாய்வே வழி.

ஆர்ஜிரோடைட் அரியது, அதில் அடங்கிய ஜெர்மானியமோ அவ்வளவு அரியது அன்று. இதை விளக்காமல் இக்கனிமத்தின் இருப்பைப் பற்றிப் பேச முடியாது. புவி மேலோட்டில் ஜெர்மானியம் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு உண்டு. வெள்ளி அதைவிடப் பல மடங்கு குறைவு. அப்படியிருந்தும் வெள்ளிக் கனிமங்கள் ஏராளம். ஜெர்மானியத்தைத் தன் இன்றியமையாத உறுப்பாகக் கொண்ட கனிமங்கள் மிகச் சில. காரணம், ஜெர்மானியம் தனித்து நிற்க விரும்பாத தனிமம். சிலிக்கானை ஒத்த இயல்பும் அதற்கு நெருங்கிய அளவும் உடையதால், பாறைகளின் சிலிக்கேட்டுகளுக்குள் சிலிக்கானின் இடத்தில் சத்தமின்றி அமர்ந்துவிடுகிறது. கந்தகம் மிகுந்த வெந்நீர் நரம்புகளுக்கு வரும்போது துத்தநாகச் சல்பைடான ஸ்பாலரைட்டுக்குள் நுழைந்துகொள்கிறது. இவ்வாறு எங்கும் சிறிது சிறிதாகப் பரவிக் கிடப்பதால், ஓரிடத்தில் திரண்டு தனிக் கனிமமாக விளையும் வாய்ப்பு அரிதாகவே அமைகிறது.

அந்த வாய்ப்பு ஃபிரைபெர்க்கில் எப்படி அமைந்தது? சூடான உப்புநீர்க் கரைசல்கள் பாறை வெடிப்புகளில் ஏறிவரும்போது முதலில் இரும்பு, துத்தநாகம், ஈயம் ஆகியவற்றின் சல்பைடுகளை விட்டுச்செல்கின்றன. பின்னாளில், வெப்பம் தணிந்த கட்டத்தில், வெள்ளி மிகுந்த கரைசல்கள் வந்து சேர்கின்றன. அந்த இறுதிக்கட்டத்தில் வெள்ளியும் ஜெர்மானியமும் ஒருசேரத் திரளும் சூழல் அமைந்தால் ஆர்ஜிரோடைட் விளைகிறது. ஆகவேதான் அது சைடரைட், மார்கசைட், ஸ்பாலரைட், கலீனா ஆகிய இரும்பு, துத்தநாக, ஈயக் கனிமங்களின் மேல், மற்ற வெள்ளிச் சல்பைடுகளுடன் கூடிய மேற்பூச்சாகக் காணப்படுகிறது. பொலிவியாவிலும் வெள்ளி, துத்தநாகம், வெள்ளீயம் மூன்றும் கூடிய நரம்புகளே அதன் இருப்பிடம். ஜெர்மானியத்தைக் கொண்ட வேறு சல்பைடுகளும் உண்டு. நமீபியாவின் சுமெப் சுரங்கத்தில் 1922-இல் விவரிக்கப்பட்ட ஜெர்மனைட், காங்கோவின் கிப்புஷியில் 1948-இல் விவரிக்கப்பட்ட ரெனியரைட் ஆகிய இரண்டும் செம்பைச் சார்ந்தவை. அவை தாதுவாகவே வெட்டி எடுக்கப்பட்ட காலம் உண்டு. ஆர்ஜிரோடைட்டோ எக்காலத்திலும் ஜெர்மானியத்தின் பெருமூலமாக இருந்ததில்லை. இன்று உலகின் ஜெர்மானியத் தேவை பெரும்பாலும் துத்தநாக உருக்காலைகளின் கழிவிலிருந்தும் சில வகை நிலக்கரிச் சாம்பலிலிருந்தும் நிறைவேறுகிறது. அகச்சிவப்புக் கருவிகளின் வில்லைகள், ஒளியிழை, செயற்கைக்கோள்களின் சூரிய மின்தகடுகள் எனப் பயன் விரிந்திருப்பதால்தான், 2023 ஆகஸ்ட் 1 முதல் சீனா அதன் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியபோது உலகெங்கும் அது செய்தியாயிற்று. முதல் டிரான்சிஸ்டர் 1947-இல் ஜெர்மானியத் துண்டின் மேல்தான் இயங்கியது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இனி மின்கலத்துக்கு வருகிறேன். ஆர்ஜிரோடைட்டின் கட்டமைப்பில் ஒவ்வொரு ஜெர்மானியம் அணுவையும் நான்கு கந்தக அணுக்கள் நான்முகியாகச் சூழ்ந்து உறுதியாகப் பிணைத்திருக்கின்றன; எஞ்சிய கந்தக அயனிகள் இடையிடையே தனித்து நிற்கின்றன. இந்த அசையாச் சட்டத்துக்கு இடையில் வெள்ளி அயனிகளுக்கு உரிய இடங்கள், அங்கே இருக்கும் வெள்ளி அயனிகளைவிட மிகுதி. நெரிசலான வரிசையில் ஒருவர் நகர்ந்த இடத்தில் அடுத்தவர் வந்து நிற்பதுபோல, வெள்ளி அயனிகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கின்றன. வெப்பநிலை உயர்ந்து கனசதுர உருவம் வரும்போது இந்த இடங்களுக்கு இடையிலான வேறுபாடு குறைந்து ஓட்டம் மேலும் எளிதாகிறது. திண்மமாகவே இருந்துகொண்டு அயனிகளைத் திரவம்போல் ஓடவிடும் இந்த இயல்பு, சட்டத்தின் அமைப்பால் வருவது. வெள்ளிக்கு மட்டும் உரியது அன்று.

அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்க் டைசரோத் குழுவினர், வெள்ளியின் இடத்தில் லித்தியத்தையும் ஜெர்மானியத்தின் இடத்தில் பாஸ்பரசையும் வைத்து, கந்தகத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் குளோரின், புரோமின் அல்லது அயோடினைச் சேர்த்து, 2008-இல் புதிய சேர்மங்களை வெளியிட்டார்கள். இந்த மாற்றங்களால் குலையும் மின்னேற்றக் கணக்கு, எட்டு வெள்ளி அணுக்கள் இருந்த இடத்தில் ஆறு லித்தியம் அணுக்களை மட்டும் வைப்பதால் சமப்படுகிறது. குளோரின் போன்ற இந்த ஆலசன்கள் சேர்ந்ததால், சூடாக்கினால் மட்டும் கிடைத்த கனசதுர உருவம் சாதாரண வெப்பநிலையிலேயே நிலைத்தது. தங்கள் கட்டுரை குறிப்பிட்ட ‘ஆர்ஜிரோடைட் மின்பகுளி’ இந்த வகையைச் சேர்ந்ததே. அதில் வெள்ளியும் இல்லை, ஜெர்மானியமும் இல்லை. இருப்பது அந்தக் கனிமத்தின் சட்டம். ஈரக்காற்றுப் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வளியை வெளியிடும் என்பது அச்சேர்மங்களின் பெரிய குறை. கட்டுரை அதைச் சரியாகவே சுட்டியிருந்தது.

எனவே, என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, திண்மநிலை மின்கலங்களைப் பற்றி இனி எழுதும்போது, ஆர்ஜிரோடைட் என்பது வெள்ளியும் ஜெர்மானியமும் கொண்ட இயற்கைச் சல்பைடு கனிமம், 1885-இல் ஃபிரைபெர்க் அருகே கண்டெடுக்கப்பட்டது, மின்பகுளிகள் அதன் அமைப்பைப் பின்பற்றியவை என்று ஒரு வரியாவது சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது, தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் தனிம அட்டவணையைப் பற்றிய பாடம் வரும்போது, மெண்டலீவின் கணிப்பு எண்களுக்கு அருகில் விங்க்ளரின் பகுப்பாய்வு எண்களையும் அச்சிட வேண்டும். முதல் கூட்டுத்தொகையான 93, 94-ஐயும், ஜெர்மானியம் சேர்ந்த பின் வந்த கூட்டுத்தொகையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் போதும். மாணவர்கள் தாமே கழித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
வேதியியல் ஆசிரியர் (ஓய்வு)